சட்டை கட்டிய மணி

அந்தக் கயிற்றின் நுனியில் ஒரு முடிச்சு உண்டு. கயிறு என்னவோ சாதாரண தேங்காய்நார்க் கயிறுதான். ஆனால் முடிச்சைப் பார்த்தால் நார் என்றே சொல்ல முடியாது. கறுத்து, வழுவழுத்து, தொட்டால் வெயிலில் கிடந்த மனிதத் தோலைத் தொட்ட மாதிரி இருக்கும். மலைமேல் எங்கள் குடியிருப்பில் இருக்கும், கிறிஸ்தவர்கள் கும்பிடும் சின்ன வேதக்கோயிலுக்கு வெளியே, இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவில் தொங்கும் மணியின் கயிறு அது. முடிச்சை அப்படி ஆக்கியது ஒரே ஒருவருடைய உள்ளங்கை. அவரை ஊரில் எல்லோரும் கோயில்குட்டி என்பார்கள். கோயிலைப் பெருக்கி, விளக்கைத் துடைத்து, மணியடிக்கிறவருக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். தலை முழுக்க நரைத்து, முன்பல் இரண்டும் போன பிறகும் அவர் குட்டிதான். நான் அவரை மாமா என்பேன். நான் அந்தக் கோயிலைச் சேர்ந்தவன் இல்லை. எங்கள் வீட்டார் கும்பிடுவது ஓடைக்கரை அம்மனை. ஆனால் மலைமேல் இருக்கிற கொஞ்சம் வீடுகளுக்குள் இந்தக் கணக்கெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. மணி எல்லோருக்கும் கேட்கும்.

கேரளப் பக்கத்து வெள்ளறடையிலிருந்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறி, காட்டிலாகாவின் கேட்டைத் தாண்டி, மரங்களுக்குள் கொஞ்ச தூரம் போனால் எங்கள் இடம். ரப்பர், மரச்சீனி, வாழை, வீட்டுக்கு வீடு பிலாமரம். எங்கள் தாத்தாக்கள் வந்து வெட்டித் திருத்தியபோது அது வெறும் மலை. பிறகு ஒரு நாள் அது சரணாலயமாகி, நாங்கள் சரணாலயத்துக்குள் இருக்கிறவர்களாகிவிட்டோம். கூரை ஓடு மாற்றவும் கேட்க வேண்டும், பாதையில் கல் போடவும் கேட்க வேண்டும். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடைகொடுத்துவிட்டுப் பனச்சமூட்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அம்மா கேட்டாள், "வீடு எங்க, காட்டுக்குள்ளயா?" என்று. "இல்ல மாமி, காடுதான் வீட்டுக்குள்ள இருக்கு" என்றேன். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

கோயில்குட்டி மாமாவுக்கு இடது காது கேட்காது. இத்தனை வருஷம் மணிக்குக் கீழே நின்று நின்று மணியே அந்தக் காதைத் தின்றுவிட்டது என்பாள் அவர் மனைவி, எங்கள் மாமி. யாராவது பேசினால் வலது கன்னத்தை அவர்கள் பக்கம் திருப்பி, உடம்பை ஒருச்சாய்த்துக்கொண்டு நிற்பார். பேசிக்கொண்டே கூட நடந்தால் பக்கவாட்டில்தான் நடப்பார். நான் அவரை நண்டு என்பேன், நேராகவே. "நண்டு மாமா, எந்தப் பொந்துக்கு?" என்று கேட்டால், "எலே, உனக்க வாயில ஒரு மணி கட்டணும். நாலு ஊருக்குக் கேக்கும்" என்பார்.

அவர் மூன்று விதமாக மணி அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஊஞ்சல் ஆடுவது போல நிதானமாக. மரணத்துக்கு ஒவ்வொன்றாக, இரண்டு அடிக்கு நடுவே ஒருவர் அழுது மூச்சு வாங்குகிற இடைவெளி விட்டு. யானைக்கு, கயிற்றையே பிய்த்து எடுத்துவிடுகிற மாதிரி, வெறிபிடித்து. யானை மணி கேட்டால் ரப்பர் பால்வெட்டப் போனவர்கள் கத்தியையும் சிரட்டையையும் போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுவார்கள். யானைகளும் திரும்பிவிடும். தன் மணிக்குத்தான் அவை பயப்படுகின்றன என்பதில் மாமாவுக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை.

"இது ஜெபம்பண்ணித் தூக்கின மணியாக்கும்" என்பார்.

"அப்போ எங்க அம்மன் கோயில் மணிக்கு ஓடாதா மாமா?"

"உங்க மணிக்குப் பூனகூட எந்திரிக்காது மக்கா."

எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், ஒரே ஒரு முறை நான் அடிக்கட்டுமா என்று. கயிற்றைத் தொட விடமாட்டார். முடிச்சை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார். "நான் சாகும்போ நீ அடி. அதுவர கைய வைக்கப்பிடாது" என்பார். "அப்போ கொஞ்சம் சீக்கிரம் பாருங்க மாமா, எனக்கு வேற சோலி உண்டு" என்பேன். முன்பல்லில்லாத வாயை முழுக்கத் திறந்து சிரிப்பார். இப்படித்தான் நாங்கள் பேசிக்கொள்வோம்.

அந்த மணியை யானைக்கு அடிக்கக் கூடாது என்று சொல்ல ஒரு நாள் காட்டிலாகா அதிகாரி வந்தார். இளம்வயது, சத்தமாகப் பேசத் தெரியாதவர். கோயில் முற்றத்தில் பெஞ்சு போட்டுக் கூட்டம். வேதக்காரர்கள், அம்மன் கோயில்காரர்கள் எல்லாரும் வந்திருந்தோம். ஓடைக்கு அந்தப் பக்கம், காட்டின் உள்ளே இருக்கும் காணிக்குடியிலிருந்தும் சிலரை அழைத்து வந்திருந்தார். காணிக்காரர்கள் நாங்களெல்லாம் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே அந்தக் காட்டில் இருப்பவர்கள். சந்தையில் தேனும் கூடையும் வாங்கும்போது பார்ப்போமே தவிர, எங்கள் முற்றத்தில் அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்றும் பெஞ்சில் உட்காரவில்லை. பிலாமரத்தடியில் நின்றார்கள்.

அதிகாரி மலையாளத்தைத் தமிழாக வளைத்து வளைத்துப் பேசினார். குட்டிகளோடு வரும் யானைகள் மணிக்கு மிரண்டு சிதறுகின்றன, குட்டி தனியாகிப் போனால் தாய் வெறியாகிவிடும், சரணாலயத்துக்குள் இந்தச் சத்தம் கூடாது என்றார். எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "யானைக்குச் சத்தம் பிடிக்காது. எங்களுக்குச் சாவு பிடிக்குமா சாரே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். விளக்குப் போடக் கேட்டால் காட்டுக்குள் விளக்குக் கூடாது, வேலி கேட்டால் யானை நடக்கும் தாரையில் வேலி கூடாது, பாதை கேட்டால் பாதை கூடாது, இருக்கிற ஒரு மணியையும் எடுத்தால் நாங்கள் எங்கே போவது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அதிகாரி எல்லாவற்றுக்கும் "மேல எழுதியிட்டுண்டு" என்றார். எழுதியும் இருப்பார், பொய் சொல்கிற முகம் இல்லை அது.

மாமா எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, இது ஜெபம்பண்ணித் தூக்கின மணி என்று ஆரம்பித்தார். அப்போதுதான் பிலாமரத்தடியிலிருந்து காணிக்கார அக்கா ஒருத்தி பேசினாள். கையில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பாமல் இருக்கத் தாழ்ந்த குரலில்தான் பேசினாள்.

"நான் ஒண்ணு கேக்கேன். நீங்க மணி அடிச்சு ஓட்டுகீயளே, அந்த யான ஆவியாட்டா போவுது? ஓடைய எறங்கி நேரே எங்க குடிக்குத்தான் வருது. குட்டியும் கொண்டு, பேடிச்சு, கோவத்துல வருது. உங்க மணி எங்களுக்குக் கேக்கும். கேட்டா பிள்ளையளத் தூக்கிட்டு மரத்துமேல ஏறுமாடத்துக்கு ஓடுவோம். போன மழைக்கு எனக்க அம்மையால ஏற முடியல்ல. இடுப்பு ஒடிஞ்சு இப்பளும் கெடக்கா. ஒங்களுக்கு அங்கின ஆளு இருக்கது தெரியுமா, தெரியாதா?"

மாமா மெல்ல அவள் பக்கமாக நடந்து, வலது கன்னத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "ஒருக்கா கூடச் சொல்லு மோளே" என்றார். அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள், இந்த முறை சத்தமாக. பிள்ளை எழுந்து அழுதது. முதல் தடவை கேட்டபோது எங்களுக்கு அது ஒரு செய்தி. இரண்டாம் தடவை கேட்கும்போது எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாமா திரும்பி வந்து மணிக்குக் கீழே நின்றார். முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டார். "நான் உயிரோட இருக்கது வர யானைக்கு இனி இந்த மணி அடிக்காது" என்றார். அதிகாரிக்கு நம்ப முடியவில்லை. ஆராதனைக்கும் மரணத்துக்கும் அடித்துக்கொள்ளலாம், அதற்குத் தடை இல்லை என்று அவசரமாகச் சொன்னார். மாமா தலையாட்டினார்.

கூட்டம் கலைந்ததும் ஊர் அவரைக் குதறியது. "எங்க உயிர எழுதிக் குடுக்க நீ யாரு ஓய்?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். மாமி வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கவே சொன்னாள்: "ஒரு சாயா போடணும்னா எனக்கிட்ட கேப்பாரு. இதக் கேக்கல்ல." மாமா கேட்காத காதை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு கோயிலைப் பெருக்கினார். யாரும் அவசரத்தில் இழுத்துவிடக் கூடாது என்று கயிற்றைச் சுருட்டித் தூணின் உச்சியில் கட்டிப்போட்டார்; ஆராதனைக்கு மட்டும் ஏறி அவிழ்ப்பார்.

மணிக்குப் பதிலாக எங்கள் போன்களுக்குச் செய்தி வரும் என்று ஏற்பாடு. யானை நடமாட்டம் என்று செய்தி வருவதும் உண்டு. ஆனால் எங்கள் குடியிருப்பில் ரேஞ்சு கிடைப்பது கோயிலுக்குப் பின்னாலிருக்கும் பாறை மேல் மட்டும்தான். யானைகள் முதுகு தேய்க்க வருவதும் அதே பாறைக்குத்தான். "செய்தி பாக்கப் போனா யானையையே பாத்துட்டு வந்துரலாம் சார், லாபம்தான்" என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காததால் எனக்கு அவரைப் பிடித்தது.

அப்புறம் மாமா நடக்க ஆரம்பித்தார். பிலாமரங்களில் சக்கை பழுக்கும் காலம் வந்தால் வாசனைக்கு யானை ஓடை ஏறி வரும். அது வரும் நேரமும், எங்கள் ஆட்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டக் கிளம்பும் நேரமும் ஒன்று: வெளிச்சம் வருவதற்குச் சற்று முன். மாமா அதற்கும் முன்னால் எழுந்து, தலையில் துண்டைக் கட்டி, ஓடைக்கரையில் டார்ச் அடித்துச் சேற்றைப் பார்ப்பார். புதுக் காலடி இருந்தால் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, "வந்திருக்கு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மணி அரை நிமிஷத்தில் செய்த வேலைக்கு அவருக்கு விடியும்வரை நடக்க வேண்டியிருந்தது. அவரைத் திட்டிய வீடுகளையும் அவர் விடவில்லை. கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே திட்டியவர்களுக்கும் அதே "வந்திருக்கு"தான்.

ஒரு நாள் என் வீட்டுக் கதவையும் தட்டினார். "எலே, பனச்சமூட்டுல ஆளு ஏத்தணும்னா நேரத்தோட எந்திரிக்கணும்லா? வா, கீழ்வரிசைய நீ பாரு" என்றார். அன்றிலிருந்து மேல்வரிசை வீடுகள் அவருக்கு, கீழ்வரிசை வீடுகள் எனக்கு. என்னால் அவரைப் போல ஒற்றைச் சொல்லோடு நிறுத்த முடியாது. "மாமி, விருந்துக்காரங்க வந்திருக்கு, சக்க வெட்டி வைங்க" என்பேன். "சவத்துக் காலைல வந்து சிரிக்கான் பாரு" என்று உள்ளிருந்து பதில் வரும். அப்படியே ஒரு சக்கைக் காலம் போனது. கோபமாக இருந்தவர்களும் மெல்ல அவருக்குப் பாலில்லாத கட்டஞ்சாயா கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒருவேளை இப்படியே சமாளித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

அடுத்த சக்கைக் காலத்தில் அது நடந்தது. பனி இறங்கிய விடியல். ஓடைக்கரையில் பெரிய காலடிகளுக்கு நடுவே சின்னக் காலடியும் பார்த்துவிட்டுப் பிரிந்தோம். நான் கீழ்வரிசையை முடித்து ஏறும்போது அலறல் கேட்டது. மேல்வரிசையின் கடைசி வீட்டில் இருக்கும் அக்கா பிறகு சொன்னதுதான் எனக்குத் தெரியும். மாமா அவள் வீட்டருகே பாதை திரும்பும் வளைவுக்கு வந்துகொண்டிருந்தார். வளைவில், வாழைக்குப் பின்னால், யானை நின்றது. மூங்கில் முறிகிற சத்தம் வீட்டுக்குள் இருந்த அவளுக்கே கேட்டிருக்கிறது, அவருக்குக் கேட்கவில்லை. அவள் ஜன்னலைத் திறந்து, "மாமா, வராதீங்க, நில்லுங்க" என்று கத்தினாள். ஏதோ சொல்கிறாள் என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. நின்றார். எப்போதும் போல வலது கன்னத்தை அவள் பக்கம் திருப்பினார், நன்றாகக் கேட்பதற்காக. வளைவு அவர் முதுகுப்பக்கம் போனது.

அதற்கு மேல் அந்த அக்கா எங்களிடம் எதுவும் சொன்னதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மாமாவைக் கோயில் முற்றத்தில் கொண்டுவந்து கிடத்தியபோது அவர் தலைத்துண்டு அவிழாமல் இருந்தது. அதிகாரி ஓடி வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். ஊரில் ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை, பிடித்தவருக்கே கை தளர்ந்து போயிற்று. உச்சிவெயில் ஏறும் முன்னே காணிக்குடியிலிருந்தும் வந்துவிட்டார்கள். யார் சொன்னார்களோ. காணிக்கார அக்கா இந்த முறை மரத்தடியில் நிற்காமல் மாமி பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

மரணமணி அடிக்க வேண்டும் என்று ஆராதனை நடத்தும் உபதேசியார் சொன்னார். அடிக்கிறவர் கிடக்கிறார். எல்லோரும் தூணின் உச்சியில் சுருட்டிக் கிடந்த கயிற்றைப் பார்த்தார்கள். மாமி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அவன் அடிக்கட்டு. அவன்கிட்டத்தான் பறஞ்சிருக்காரு."

நான் தூணில் ஏறினேன். மேலே போனபோது ஓடைக்கு அந்தப் பக்கம் மூங்கில் தலைகள் ஆடுவது தெரிந்தது. காற்று இல்லை. யானைகள் இன்னும் போகவில்லை. குட்டியோடு அங்கேயே நின்றன. அவற்றுக்குக் கீழே காணிக்குடியின் புகை. ஆண்களும் பெண்களும் இங்கே வந்துவிட்டார்கள். அங்கே இருப்பது பிள்ளைகளும் இடுப்பு ஒடிந்த அந்தக் கிழவியும். கீழே பார்த்தேன். காணிக்கார அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வாள்?

ஊருக்கு ஒரு கோபம் இருந்தது, எனக்கும் இருந்தது. மலை அதிரும்படி அடித்து, எல்லா யானையையும் கண்காணாத இடத்துக்கு ஓட்ட வேண்டும் என்றுதான் என் கை துடித்தது. மரணத்துக்கு அனுமதி உண்டு. அவர் செத்ததால் இப்போது அடிக்கலாம். அந்த நினைப்பு வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தேனா அழுதேனா என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. பிறகு சட்டையைக் கழற்றி மணியின் நாக்கில் சுற்றி, சட்டையின் இரண்டு கையையும் இறுக்கி முடிந்தேன். கயிற்றை அவிழ்த்துக் கீழே விட்டேன்.

இறங்கி வந்து முடிச்சைப் பிடித்தேன். நான் கேட்டுக் கேட்டு அவர் கொடுக்காத முடிச்சு. இழுத்தேன். ஈர மரத்தில் கைமுட்டியால் குத்துகிற சத்தம் வந்தது. மூச்சு வாங்கும் இடைவெளி விட்டு மறுபடியும். முற்றத்தைத் தாண்டி அது யாருக்கும் கேட்டிருக்காது. ஓடைக்கு அந்தப் பக்கம் மூங்கில் அசைந்தபடியேதான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒருவர், "அவருக்க மரணத்துக்குக்கூட ஒழுங்கா ஒரு மணி இல்லயே" என்று வாய்விட்டு அழுதார். நான் அடித்து முடித்துவிட்டு, சட்டையில்லாமல், தூரத்து வீடுகளுக்கு நடந்தேன். கேட்டிருக்காது அல்லவா, போய்த்தானே சொல்ல வேண்டும். மேல்வரிசையில் நடுவீட்டுப் பாட்டி கதவைத் திறக்காமலே, "வந்திருக்கா மக்கா?" என்றாள். வாசல் திண்டில் உட்கார்ந்துவிட்டேன். அவளே திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

இதெல்லாம் முடிந்து இரண்டு மழை போய்விட்டது. சில குடும்பங்கள் மலையிறங்கி குன்னத்துகால் பக்கம் போய்விட்டன. மாமியை மகள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த அதிகாரிக்கு மாற்றல். புதிதாக வந்தவரும் மேலே எழுதியிருப்பதாகச் சொல்கிறார். காணிக்குடிக்கு யானை வருவது குறைந்திருக்கிறது என்று காணிக்கார அக்கா சொல்கிறாள். நின்றுவிட்டது என்று சொல்லவில்லை. அவள் அம்மா இன்னும் கிடக்கிறாள். சரணாலயம் பார்க்க வருகிறவர்கள் கோயில் முன்னால் ஜீப்பை நிறுத்தி, நாக்கில் சட்டை கட்டிய மணியைப் படம் எடுக்கிறார்கள். ஏன் இப்படி என்று கேட்டால், "மணிக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்பேன். சிரித்துவிட்டுப் போவார்கள். அந்தச் சட்டையின் நிறம் எனக்கே மறந்துவிட்டது. வெயிலும் மழையும் அதை மண்நிறமாக்கிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் அதே மழுங்கிய சத்தம்தான். அவிழ்த்துவிடுவோமா என்று உபதேசியார் ஒரு முறை கேட்டார். ஏறி அவிழ்க்க யாரும் முன்வரவில்லை. நானும் போகவில்லை.

இன்று விடியற்காலை ஓடைக்கரைச் சேற்றில் புதுக் காலடி கிடந்தது. கீழ்வரிசையை முடித்துவிட்டு மேல்வரிசைக்கு ஏறும் வழியில் கோயில் முற்றத்தில் கொஞ்சம் நின்றேன். மேல்வரிசையும் இப்போது எனக்குத்தான். கயிறு கைக்கு எட்டும்படிதான் தொங்குகிறது. முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். வழுவழுப்பு போய், நார் நாராகப் பிரிந்து, கையில் குத்துகிறது. சட்டையை அவிழ்த்துவிட்டு இதை இழுத்தால் அங்கே அந்தக் கிழவி. இழுக்காவிட்டால் இங்கே வளைவு. முடிச்சை விட்டுவிட்டு நடந்தேன். எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். ஆனாலும் வளைவுக்கு வந்தபோது, கடைசி வீட்டு ஜன்னலில் அந்த அக்கா விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அன்று மாமாவைக் கூப்பிட்ட வாயைத் திறக்காமல், கையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றாள்.